தட்டைச் சுற்றி நட்சத்திரம்

ஐயாவு எந்த நாட்டில் பசியாறுவது என்பதைக் கப்பலில் இருக்கும் மகள் முடிவு செய்வாள். அந்த நாட்டிலிருந்து எது வீட்டுக்குள் வரலாம், எது வாசலோடு திரும்ப வேண்டும் என்பதை மனைவி துளசி முடிவு செய்வாள். ஐந்து மாதமாக அந்த வீட்டில் இதுதான் சட்டம்.

மகள் தினேஸ்வரி சுற்றுலாக் கப்பல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாள். கப்பல் கரை சேர்ந்து அவளுக்கு இரண்டு மணி நேரம் விடுப்புக் கிடைத்தால், துறைமுகத்துப் பக்கம் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து அந்த ஊர்க்காரர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே வாங்கிப் படம் பிடித்து அனுப்புவாள். படத்துக்குக் கீழே எப்போதும் ஒரே வரிதான் இருக்கும். "அப்பா, இன்னைக்குத் துருக்கி. பசியாறியாச்சா?" நாட்டின் பெயர் மட்டும் மாறும்.

படம் வந்ததும் துளசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐஸ் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பாள். அதன் கதவில்தான் அந்தத் தாள் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஐயாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இனி வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தம் கழுவ வேண்டும் என்று சொன்ன அன்று ஈப்போ டயாலிசிஸ் சென்டரில் கொடுத்த தாள். எதைத் தொடவே கூடாது என்று மலாயில் வரிசையாகப் போட்டிருக்கும். அன்றைக்கு அங்கே யார் யாரோ என்னென்னவோ விளக்கினார்கள். துளசி அழுதுகொண்டிருந்ததில் ஒன்றும் காதில் ஏறவில்லை. தாளை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, குழம்புக் கை படாமல், கரப்பான் நக்காமல் இருக்க நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிட்டாள். மூன்று வருடத்தில் அது அவளுக்கு மனப்பாடம். வாழைப்பழம், தேங்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, பருப்பு, கீரைத் தண்ணீர், கருவாடு, டின் மீன். சாமி படத்துக்குக் கூட அவள் அத்தனை பயந்ததில்லை.

கைப்பேசிப் படத்தை இரண்டு விரலால் விரித்து ஒவ்வொன்றாகத் தாளோடு ஒத்துப் பார்ப்பாள். துருக்கித் தட்டில் பாலாடைக்கட்டி போச்சு, தக்காளி போச்சு, உப்பில் ஊறிய ஏதோ கறுப்புக் காய் போச்சு. மிஞ்சியது வெள்ளரிக்காய், முட்டை, ரொட்டி. முட்டையிலும் மஞ்சள் கரு போச்சு. அதையே அழகாக நறுக்கி, படத்தில் இருக்கிற மாதிரி தட்டில் பரப்பி, ஐயாவு முன்னால் கொண்டுபோய் வைத்து, "துருக்கி வந்துருச்சு" என்பாள்.

கூத்து மாதிரித் தெரியலாம். ஆனால் இந்தக் கூத்து ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த மனிதர் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், கோலா கங்சார் ரோட்டில் அவருக்குத் தெரியாத சாப்பாட்டுக் கடை இல்லை. அவருக்கு உப்பில்லாத கஞ்சியை வைத்தால் எப்படி இறங்கும்? உடம்பு குச்சியாகிக்கொண்டே போனது. சென்டரில் மூத்த நர்ஸ் அமீரா, ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், துளசியை ஒரு நாள் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, மெஷினு அழுக்கத்தான் எடுக்கும். சத்தக் குடுக்காது. அண்ணே உடம்புல ஒண்ணுமே இல்ல. இப்படியே போனா வருசக் கடைசி வரைக்கும் தாங்குறது கஷ்டம்லா. எப்படியாச்சும் சாப்பிட வைங்க."

வருடக் கடைசி என்றதும் துளசி விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். டிசம்பர் பதினைந்தாம் தேதி தினேஸ்வரியின் ஒப்பந்தம் முடிகிறது. ஏர்போட்டுக்குப் போய் மகளைத் தானே கூட்டி வரவேண்டும் என்று ஐயாவு சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதற்கும் அவர் ஆசைப்படவில்லை. அதனால் துளசிக்கும் ஆசை ஒன்றுதான் இருந்தது. டிசம்பர் பதினைந்து வரைக்கும் இந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு அவர் சாப்பிட வேண்டும்.

மகள் அனுப்பிய முதல் படம் ஸ்பெயின். ஐயாவு அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னடி இது, ரொட்டில தக்காளியத் தேச்சுக் குடுத்துட்டுக் காசு வாங்குறானுங்களா?"

"அந்த ஊருல அப்படித்தானாம். ஒங்களுக்கு ஒண்ணு செஞ்சு தரவா? தக்காளி இல்லாம?"

"தக்காளி இல்லாம அப்புறம் என்னாத்தத் தேப்ப?"

"எண்ணெயத் தேக்குறேன், பூண்டத் தேக்குறேன். சும்மா உக்காருங்க."

இரண்டு துண்டு சாப்பிட்டார். இரண்டு துண்டு! துளசி அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நிற்கவில்லை. எகிப்தில் பயறு மசித்துத் தின்கிறார்கள் என்று தெரிந்ததும், "தோட்டத்துல நாம தின்னதத்தான் இவனும் தின்றான், இதுக்கு எதுக்குக் கப்பலு" என்றார். பயறு தாளில் இருந்ததால் எகிப்துக்கு வெறும் ரொட்டியோடு வெங்காயம்தான் கிடைத்தது. ஜப்பானுக்குக் கஞ்சியும் ஆவியில் வெந்த மீன் துண்டு ஒன்றும். மெக்சிகோக்காரன் அப்பளத்தை நொறுக்கி அதன்மேல் குழம்பை ஊற்றுகிறான் என்று மூன்று நாள் சிரித்தார். இங்கிலீஷ்காரனின் டின் பயறையும் கொழுத்த சாசேஜையும் பார்த்து, பழைய தொரைகள் எல்லாம் ஏன் அப்படி ஊதிப்போய் இருந்தார்கள் என்று இப்போதுதான் விளங்கியது என்றார். சாப்பாடு ஒரு பிடிதான் இறங்கும், பேச்சு ஒரு தட்டு இறங்கும். எடை ஏறியது. அமீரா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டாள். துளசிக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அக்டோபரில் மகளிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது.

"அம்மா, இங்க வேலக்காரங்க சாப்பிடுற எடத்துல ஒரு போட்டி வைக்கிறாங்க. அவங்கவங்க வீட்டுப் பசியாறல் தட்ட போட்டோ எடுத்து போர்டுல ஒட்டணும். எது புடிச்சிருக்கோ அதுக்கு எல்லாரும் ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. முப்பது நாட்டு ஆளுங்க இருக்காங்கம்மா. நான் எத்தன நாட்டுத் தட்ட அனுப்பியிருக்கேன்? இப்ப நீங்க நம்ம தட்ட அனுப்புங்க. அப்பா சாப்பிடுற தட்டே வேணும். ஞாயித்துக்கெழம அனுப்பிருங்க, சரியா?"

ஐயாவு அதை நாலு முறை போட்டுக் கேட்டார். சனிக்கிழமை மெஷினிலிருந்து வந்த களைப்பையும் பார்க்காமல், முடி வெட்டிக்கொள்ளப் போகலாமா என்று கேட்டார். "தட்டத்தான போட்டோ எடுக்கப் போறோம், ஒங்க தலைய இல்ல" என்றாள் துளசி. ஆனாலும் ஞாயிறு காலை அவர் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

துளசி இரண்டு தோசை வார்த்தாள். ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக, நன்றாகத்தான் வந்தது. தட்டில் வைத்தாள். பக்கத்தில் என்ன வைப்பது? தேங்காய்ச் சட்டினி கூடாது. தக்காளிச் சட்டினி கூடாது. சாம்பார் கூடவே கூடாது. முட்டை வெள்ளைக்கருவும் வதக்கிய முட்டைக்கோசும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. தட்டும் வெள்ளை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு வருவார்களே, அந்தத் தட்டு மாதிரி இருந்தது.

அவளுக்கு அவமானமாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்தத் தட்டை முப்பது நாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். தினேஸ்வரி வீட்டில் இதைத்தான் தின்கிறார்களா என்று நினைப்பார்கள். அந்தப் பிள்ளை கப்பலில் ஊரான் கக்கூசைக் கழுவுகிறது. வீட்டுத் தட்டிலாவது நிறம் இருக்க வேண்டாமா?

ஜன்னலுக்கு வெளியே, பின்பக்கச் சாக்கடையை ஒட்டி, ஐந்து விளிம்புப் பழம் காய்க்கும் பெலிம்பிங் மரம் நின்றது. தோட்டத்து லயங்களை இடித்து இந்த மலிவு வீடுகளைக் கட்டியபோது வெட்டாமல் விட்ட மரம். காய்த்துக் கொட்டும், பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். ஐயாவுக்கு இனிப்பு நீர் வந்த நாளிலிருந்து பழம் என்றாலே துளசி தள்ளியே வைத்திருந்தாள். அவர் அதைக் கேட்டதும் இல்லை, இவள் கொடுத்ததும் இல்லை. ஆனால் இது இனிக்காத பழம், புளிப்புப் பழம். அதோடு தோட்டத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிரஷருக்கு பெலிம்பிங் சாறு மாதிரி மருந்து கிடையாது என்று. துளசியின் அப்பாவே வருடக்கணக்கில் குடித்தவர்தான்.

துருக்கி வெள்ளரிக்காயைக் கூடத் தாளோடு ஒத்துப் பார்த்தவள், வீட்டு மரத்துப் பழத்துக்குத் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்ல மஞ்சளாக ஒன்றைப் பறித்துக் கழுவி, குறுக்காக நறுக்கினாள். ஒவ்வொரு வில்லையும் ஐந்து முனையோடு நட்சத்திரமாக விழுந்தது. பதினொன்று. தட்டைச் சுற்றி அடுக்கினாள். தட்டே வேறாகிவிட்டது.

"ஏ, இது என்னா அஞ்சு நச்சத்திர ஓட்டலா?" என்றார் ஐயாவு.

"பேசாம கைய எடுங்க. நெழலு விழுது."

படம் அருமையாக வந்தது. அனுப்பினாள். நடுக்கடலில் இருந்தார்கள் போல, போய்ச் சேராமல் ஒரு டிக் மட்டும் விழுந்தது. ஐயாவு இரண்டு தோசையையும் சாப்பிட்டார். முட்டையைச் சாப்பிட்டார். பிறகு ஒரு நட்சத்திரத்தை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பா... சில்லுனு இருக்குடி. தண்ணியா ஊறுது."

மெஷினில் கிடக்கிறவர்களுக்குப் பசியை விடத் தாகம்தான் தண்டனை. நாள் முழுக்க அரை லிட்டர் தண்ணீர், அதிலேயே மாத்திரையும் காப்பியும். கோடு போட்ட பாட்டிலை வைத்துக்கொண்டு மூடியால் ஊற்றிக் குடிப்பார். இப்போது அந்தப் புளிப்புத் தண்ணீர் நாக்கில் இறங்கியதும் முகம் பத்து வயது குறைந்தது. பதினொரு நட்சத்திரமும் போனது. "இன்னும் ஒண்ணு இருக்கா?" என்றார். அந்த மனிதர் இன்னும் வேண்டும் என்று கேட்டு எத்தனை வருடம் ஆகிறது! துளசி ஓடிப்போய் இன்னொரு பழத்தைப் பறித்து வந்து நறுக்கினாள். தட்டு காலியானதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளைப் போலச் சந்தோஷமாக அந்தத் தாமான் வீடுகளில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மத்தியானம் ஐயாவுக்கு விக்கல் வந்தது.

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். இதைத் துளசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நினைக்கிறது யார் என்று கண்டுபிடித்துப் பெயரைச் சொல்லிவிட்டால் நின்றுவிடும். இரண்டு பேரும் உட்கார்ந்து பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"சீனியா இருக்கும். லாரில ஒங்ககூட ஓடுனாரே."

"சீனி. ஹிக். இல்ல."

"ஒங்க அக்கா."

"இருளாயி... ஹிக்."

சிலிம் ரிவர் டவுனில் இருக்கும் இருளாயிக்குப் போன் போட்டே கேட்டாள் துளசி. "நான் எதுக்குடி அவன நெனைக்கப் போறேன், நாடகம் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் இருளாயி. கடன் கொடுத்தவன், பெண் கேட்டு வந்தவன், செத்துப்போனவர்கள் வரை எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. துளசி வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்த பெயரைச் சொன்னாள்.

"தினேஸு."

ஐயாவு வாயைத் திறந்தபடி காத்திருந்தார். விக்கல் வரவில்லை. பத்து எண்ணினார்கள், இருபது எண்ணினார்கள். வரவில்லை.

"போட்டோவப் பாத்துட்டாடி" என்றார். கண் கலங்கிவிட்டது. "அங்க எல்லாருக்கும் காட்டி எங்கப்பா தட்டுன்னு சொல்லிக்கிட்டு இருப்பா."

கால் மணி நேரத்தில் மறுபடியும் விக்கல் ஆரம்பித்தது. மகள் மறுபடியும் நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். யாருக்குக் கசக்கும்? மற்றவர்களுக்கு விக்கினால் மூச்சைப் பிடித்து ஏழு மடக்குத் தண்ணீர் குடிப்பார்கள், ஒரு கரண்டி சீனியை வாயில் போடுவார்கள். இவருக்குத் தண்ணீரும் கூடாது, சீனியும் கூடாது. துளசி பின்னால் போய் நின்று கத்திப் பயமுறுத்திப் பார்த்தாள். அவர் திரும்பி, "செத்தாலும் ஒன் சத்தத்துல எந்திரிச்சிருவேன்" என்றார். அதற்கும் விக்கினார்.

திங்கட்கிழமையும் நிற்கவில்லை. இரவு பொட்டுத் தூக்கமில்லை. காலையில் கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். மத்தியானம் துளசியை "இருளாயி" என்று கூப்பிட்டார். லாரிச் சாவி எங்கே என்று கேட்டார். லாரியை விற்று ஏழு வருடமாகிறது. தூங்காத கலக்கம் என்று துளசி நினைத்தாள். சென்டருக்குப் போன் செய்வோமா என்று போனைக் கையில் எடுத்தாள். எடுத்து என்னவென்று சொல்வது? என் புருசனுக்கு விக்கல் என்றா? நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, எப்படியும் மெஷினுக்குப் போகத்தான் போகிறோம். போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க் காலை சென்டர் வேனில் ஏற்றும்போதே அவருக்குக் கழுத்து நிற்கவில்லை. ஈப்போ நுழைவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. துளசியின் மடியில் தலையை வைத்து, பல்லைக் கிட்டித்துக்கொண்டு, அந்த மெலிந்த உடம்பு துள்ளியது. அதற்கு நடுவிலும் விக்கல் வந்தது.

அமீராதான் ஓடி வந்தாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, துளசியின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"அக்கா, என்னா சாப்பிட்டாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

துளசி சொன்னாள். தேங்காய் கொடுக்கவில்லை, தக்காளி கொடுக்கவில்லை, பருப்பு கொடுக்கவில்லை, உப்பு ஒரு சிட்டிகை கூட இல்லை. கொடுக்காததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பழம் அவள் நினைவிலேயே வரவில்லை. அது சாப்பாடு இல்லையே, படத்துக்கு வைத்தது.

"விக்கல் எப்ப இருந்து?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம்."

"ஞாயித்துக்கெழமயா? ஏங்க்கா ஒரு போன் போடல?"

"மக நெனைக்கிறான்னு..." என்று ஆரம்பித்தவள், வேறெதுவும் சொல்லத் தெரியாமல், "நல்லாத்தான் சாப்பிட்டாரு அமீரா, இந்தா பாரு" என்று கைப்பேசியை நீட்டினாள். அந்த நேரத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைப் பின்னால் நினைத்து நினைத்துத்தான் அவள் வெந்துபோனாள்.

அமீரா படத்தைப் பார்த்தாள். விரித்துப் பார்த்தாள்.

"அக்கா. இது பெலிம்பிங்கா?"

"வீட்டு மரந்தான். ரெண்டு பழம்."

அமீரா படத்தோடு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோதுதான் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், திட்டவில்லை. நல்ல சிறுநீரகம் இருக்கிறவர்களுக்கு அது வெறும் பழம். இல்லாதவர்களுக்கு அதிலிருக்கும் விஷம் வெளியேறாமல் மூளைக்கு ஏறும். முதலில் விக்கல் வரும். விக்கல் வந்த உடனே மெஷினில் போட்டால் பிழைக்க வைக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் இடைவிடாமல் மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த துளசி, ஐஸ் பெட்டிக் கதவின் முன்னால் நின்றாள். முன்பக்கம் முழுக்கப் படித்தாள். இல்லை. இல்லவே இல்லை. நெஞ்சில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. பிறகு கத்தரிக்கோலால் டேப்பை வெட்டித் தாளை உரித்தெடுத்தாள். மூன்று வருடம் கதவோடு ஒட்டிக்கிடந்த பின்பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, கட்டம் போட்டு, பெரிய எழுத்தில் அது இருந்தது. பக்கத்தில் அதன் படமும் இருந்தது. குறுக்கே நறுக்கிய நட்சத்திரம், அதன் மேல் சிவப்புக் கோடு.

தாளைப் பழையபடியே ஒட்டி வைத்தாள்.

அன்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் பஸ்ஸில் மகளின் செய்தி வந்தது. "அம்மா! மூணு நாளா லைன் இல்ல, இன்னைக்குக் காலையிலதான் போட்டோ வந்துச்சு, ஒடனே போர்டுல ஒட்டிட்டேன். நம்ம தட்டுதான் முதல் எடம்! எல்லாரும் அந்த நட்சத்திரத்தப் பத்தியேதான் கேக்குறாங்க. அப்பா ரசிச்சு சாப்பிட்டாரா?"

துளசி வெகுநேரம் எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்து, "ஆமா" என்று மட்டும் அனுப்பினாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதை மறுநாள் காலை சொன்னாள். அன்று மத்தியானமே ஐயாவு போய்விட்டார்.

தினேஸ்வரி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து சாம்பலும் கரைத்தாயிற்று. டிசம்பர் பதினைந்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. சிறுநீரகம் போனவர், மூன்று வருடம் தாங்கியதே பெரிது என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சான்றிதழிலும் சிறுநீரகம்தான் இருந்தது. துளசி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பழி வரும் என்ற பயமில்லை. யார் வேண்டுமானாலும் வந்து மூஞ்சியில் காறித் துப்பட்டும், அவளுக்கு அது போதாது. ஆனால் மகளிடம் சொன்னால் அந்தப் பிள்ளை முதலில் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தை மகள் வாயிலிருந்து கேட்கக் கூடாது. அதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டாள்.

விக்கலைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தாள். "ஒன் பேரச் சொன்னதும் நின்னுச்சும்மா" என்று. தினேஸ்வரி அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதாள். அன்றைக்கு இரண்டு பேர் வேலையைச் செய்ததில் அப்பா நினைப்பே வரவில்லை என்றாள்.

எட்டாம் நாள் படையலுக்கு அவள்தான் சமைத்தாள். "இனிமே அப்பாவுக்குத் தடையே இல்ல" என்று சொல்லித் தேங்காய்ச் சட்டினி அரைத்தாள், சாம்பார் வைத்தாள். ஸ்பெயின் ரொட்டியில் நிஜமாகவே தக்காளியைத் தேய்த்தாள். பயறு வேகவைத்தாள், பாலாடைக்கட்டி வாங்கி வந்தாள். ஐயாவு பேச்சில் மட்டும் தின்ற நாடுகள் எல்லாம் அன்றைக்கு வாழையிலையில் வந்து உட்கார்ந்தன. கடைசியில் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

துளசி கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். "அது வேணாம்மா."

"ஏம்மா? அப்பா ஆசையா கடைசியாச் சாப்பிட்டது இதுதான?"

துளசி கையை எடுத்துக்கொண்டாள். கைப்பேசிப் படத்தைப் பார்த்துப் பார்த்து, தோசைத் தட்டைச் சுற்றிப் பதினொரு நட்சத்திரத்தையும் மகள் அதே மாதிரி அடுக்குவதைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மிஞ்சிய நுனித் துண்டைத் தினேஸ்வரி வாயில் போட்டுக்கொண்டாள்.

சூடம் ஏற்றினார்கள். இருளாயி ஒப்பாரியை ஆரம்பித்தாள். தினேஸ்வரி தேம்பித் தேம்பி அழுது, கும்பிட்டு எழுந்து, மூக்கைத் துடைத்தாள். அப்போது அவளுக்கு விக்கல் வந்தது. ஒன்று. இன்னொன்று. ஈரக் கண்ணோடு சிரித்தாள்.

"அப்பா நெனைக்கிறாரும்மா. ஹிக்."

துளசி எப்போது பாய்ந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. மகளின் தாடையைப் பிடித்து, இரண்டு விரலையும் வாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். "தின்னியா? அதத் தின்னியா? துப்பு! துப்புடி!" தட்டு காலில் பட்டு உருண்டது. நட்சத்திரங்கள் சூடத்தைச் சுற்றிச் சிதறின.

"ஏய் துளசி! பைத்தியமாடி ஒனக்கு?" என்று இருளாயி இழுத்தாள்.

தினேஸ்வரி இருமிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து விலக்கினாள். "அம்மா, ஒண்ணுமில்லம்மா. வெறும் விக்கல்."

"அவருக்கும் வெறும் விக்கல்தான்டி."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது துளசிக்குத் தெரிந்தது. தினேஸ்வரி கீழே கிடந்த மஞ்சள் வில்லைகளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இனி மறைப்பதற்கு எங்கே போவது? துளசி சமையலறைக்குப் போய் ஐஸ் பெட்டிக் கதவிலிருந்து தாளைக் கிழித்து எடுத்துவந்து, பின்பக்கத்தைத் திருப்பி மகளின் கையில் கொடுத்தாள்.

தினேஸ்வரி அதை இரண்டு முறை படித்தாள். விக்கல் நின்றுபோயிருந்தது.

"நாந்தானம்மா போட்டோ கேட்டேன்" என்றாள்.